தமிழுக்கு விசை தந்த முத்தையா

முன்னுரை



இவ்வாண்டு காலாண்டு விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் பள்ளியின் பொருள் அறையைத் துப்புரவு செய்யும் பணி பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு வந்தது. உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த வாளிகள், நாடக விழாவில் அணிந்த அட்டைக் கிரீடங்கள் ஆகியவற்றின் அடியில் கனத்த இரும்புப் பொருள் ஒன்று பழைய திரைச்சீலையால் மூடிக் கிடந்தது. திறந்து பார்த்தோம். தமிழ்த் தட்டச்சு இயந்திரம்! நம் நரிக்குடிச் சீமையின் செம்மண் தூசி அதன்மேல் ஒரு விரல் கனத்திற்குப் படிந்திருந்தது.

பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் தராசோடு காத்திருந்தார். அவர் அதைத் தூக்கி நிறுத்துப் பார்த்து 15 கிலோ என்றார். எங்களுக்கோ அதைக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு தாளைச் செருகி, அம்மா என்னும் சொல்லை அடித்துப் பார்த்தோம். அ விழுந்தது. அடுத்து, புள்ளி மட்டும் தனியே அந்தரத்தில் தொங்கியது. அதற்கும் அப்பால் ம என்னும் எழுத்து புள்ளியின்றி நின்றது. எத்தனை முறை அடித்தாலும் புள்ளி ஓரிடம், எழுத்து ஓரிடம். அம்மாவை அம்மா என்று எழுதத் தெரியாத இயந்திரம் எதற்கு என்று இரும்புக்காரர் சிரித்தார்.

தலைமையாசிரியை அருட்சகோதரி எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார். இரண்டு வாரத்திற்குள் அந்த இயந்திரத்தில் பிழையின்றி ஒரு முழுப் பக்கம் அடித்துக் காட்டினால் அது நூலகத்தில் இருக்கும். இல்லையேல் தராசுக்குப் போகும்.

புள்ளி ஏன் தன் எழுத்தோடு சேரவில்லை என்று தேடப் புகுந்தபோதுதான், அந்தப் புள்ளியை முதன்முதலில் எழுத்தின் தலைமேல் சேர்த்து வைக்கப் பாடுபட்ட ஒரு பெரியாரின் வாழ்க்கை எங்களுக்குத் தெரிய வந்தது. அவரே தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா அவர்கள். அவரைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பிறப்பும் பெயர்வும்

நம் இராமநாதபுரக் கடற்கரைக்கு எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால் இருப்பது யாழ்ப்பாணம். அந்நகரை அடுத்த சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் முத்தையா பிறந்தார். யாழ்ப்பாணமும் நம் ஊரைப் போலவே ஆற்று வளம் இல்லாத பூமி. அங்கே பெரிய ஆறுகள் கிடையா. கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் மக்கள் பிள்ளைகளின் படிப்பையே பெருஞ்செல்வமாக எண்ணினர். சுண்டிக்குளியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிறித்தவத் திருச்சபையினரின் பள்ளிகள் பல இருந்தன. அங்கே 1823ஆம் ஆண்டிலேயே தோன்றியது தூய யோவான் கல்லூரி. பெண்களுக்கெனச் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி 1896ஆம் ஆண்டில் எழுந்தது.

அக்காலத்தில் மலாயா நாட்டில் இரயில் பாதைகள் போடப்பட்டன. இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் பெருகின. ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த எழுத்தர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். ஆகவே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கப்பலேறினர். முத்தையாவும் 1907ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்றாம் வயதில், மலாயாவுக்குச் சென்று அங்கிருந்து சிங்கப்பூரை அடைந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கச் செல்லும் அண்ணன்மாரை நம் ஊரில் நாம் பார்த்திருக்கிறோம். பெட்டியும் படுக்கையுமாக அவர்கள் பேருந்து ஏறும் காட்சியை நினைத்தால், முத்தையா கப்பல் ஏறிய காட்சியும் நம் கண்முன் தோன்றும்.

சிங்கப்பூரில் ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்னும் வணிக நிறுவனத்தில் அவர் வேலைக்கு அமர்ந்தார். உழைப்பால் உயர்ந்து தலைமை எழுத்தரானார். 1930ஆம் ஆண்டு வரை அங்கே பணி புரிந்தார்.

ஆங்கிலத்திற்கு இருந்தது, தமிழுக்கு இல்லை

அலுவலகம் என்றால் கடிதம், கடிதம் என்றால் தட்டச்சு என்றிருந்த காலம் அது. அந்த இயந்திரம் பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் அச்சுத் தொழிலிலும் பத்திரிகைத் துறையிலும் பழகியவர். அவர் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து உருவாக்கிய எழுதும் இயந்திரத்திற்கு 1868ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1873ஆம் ஆண்டில் அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது. அதனால் அந்த முதல் இயந்திரம் பார்வைக்குத் தையல் இயந்திரம் போலவே இருந்தது. பூக்கள் வரைந்திருந்தன, அடியில் கால் மிதியும் இருந்தது! அதை மிதித்தால் தாள் அடுத்த வரிக்குத் திரும்பும். தையல் வகுப்பில் மிதித்துப் பழகிய நமக்கு அது வெகு எளிதாக இருந்திருக்கும் அல்லவா?

பெண்கள் அலுவலகங்களில் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்ததற்குத் தட்டச்சு இயந்திரம் பெரிய காரணம் என்பர். ஷோல்ஸின் மகள் லில்லியன் தந்தையின் இயந்திரத்தின்முன் அமர்ந்து தட்டச்சு செய்யும் பழைய படம் இன்றும் இருக்கிறது.

ஆங்கிலேயருக்கு இவ்வளவு வசதி இருந்தது. தமிழருக்கோ கையெழுத்தே கதி. ஒரு தமிழ்க் கடிதத்திற்குப் பத்துப் படிகள் வேண்டுமாயின் பத்து முறை எழுதவேண்டும். அன்றாடம் ஆங்கிலத் தட்டச்சின் நடுவில் வேலை பார்த்த முத்தையாவுக்கு, இந்த வசதி தமிழுக்கும் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. தொழிலால் அவர் எழுத்தர், பொறியாளர் அல்லர். ஆயினும் பிறர் செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலையில் இருந்துகொண்டே ஆராய்ச்சியில் இறங்கினார்.

247 எழுத்துகளும் 46 விசைகளும்

அவர் முன் நின்ற மலை எத்தகையது? நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சேர்த்து 52. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஓர் இயந்திரத்தில் 46 விசைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விசைக்கும் மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகள். ஷிப்ட் விசையை அழுத்தினால் ஒன்று, அழுத்தாவிட்டால் மற்றொன்று. ஆகவே 92 இடங்கள்தாம் உண்டு. 247 விருந்தினர் வந்திருக்க, வீட்டில் 92 இலைகளே இருந்தால் என்ன செய்வது?

எழுத்துகளை உறுப்புகளாகப் பிரிப்பதே வழி. துணைக்கால் ஒன்று இருந்தால் கா, சா, தா எல்லாவற்றுக்கும் அது போதும். ஒற்றைக்கொம்பு ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று, ஐகாரக் கொம்பு ஒன்று, மேல்விலங்கு ஒன்று, அதன் சுழி ஒன்று, புள்ளி ஒன்று. கொம்பையும் காலையும் சேர்த்தால் கொ, கோ வந்துவிடும். ஆக 7 குறிகள்.

இரட்டைக்கொம்பைச் சொல்லும்போது வீரமாமுனிவரை (1680–1747) நாம் நினைக்காமல் இருக்க முடியாது. எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்தி, நெடிலுக்குத் தனிக் கொம்பு தந்த அருட்தந்தை அவர். கொல்லத்தில் 1578ஆம் ஆண்டில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சிட்ட அன்றீக் அடிகளாரும் இயேசு சபைத் துறவியே. தமிழ் எழுத்தை ஈயத்திற்குக் கொண்டுவர அவர்கள் முயன்றார்கள். அதை விரல் நுனிக்குக் கொண்டுவர முத்தையா முயன்றார்.

கணக்கைத் தொடர்வோம். ஔ என்பதை ஒ, ள என்னும் இரண்டையும் கொண்டு அடிக்கலாம். ஆதலால் உயிர் 11 போதும். ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, குறிகள் 7. இதுவரை 37. உகர ஊகார வரிசைதான் வம்பு செய்கிறது. கு, சு, டு, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இரண்டு வரிசைக்கும் 36. டி, டீ இரண்டும் தனி வடிவம். ஆக மொத்தம் 75. இவற்றில் ஞூ, ணூ, தூ, நூ, லூ, றூ, னூ ஆகிய ஏழையும் குறிலோடு ஒரு கால் சேர்த்து உண்டாக்கலாம். ஆகவே 68. மீதி 24 இடங்களில் 10 எண்கள், ஜ, ஷ, ஸ, ஹ என்னும் 4 எழுத்துகள், நிறுத்தக் குறிகள் எல்லாம் அடங்கவேண்டும்.

இது இன்றைய எழுத்தை வைத்து நாங்கள் கரும்பலகையில் போட்ட கணக்கு. இதற்கே ஒரு மதிய இடைவேளை முழுவதும் பிடித்தது. முத்தையாவின் காலத்திலோ ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவத்தில் எழுதப்பட்டன. அவற்றை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில்தான் ஏற்றுக்கொண்டது. ஆகவே அவருடைய கணக்கு நம் கணக்கைக் காட்டிலும் கடினமானது.

நகரா விசை

உறுப்புகளாகப் பிரித்தாகிவிட்டது. ஆனால் அத்துடன் தொல்லை தீரவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் ஒரு விசையைத் தட்டினால் நடப்பது என்ன? எழுத்துக் கம்பி எழும்பி, மை தோய்ந்த ரிப்பனை அடிக்கும். ரிப்பனுக்குப் பின்னே உருளையில் சுற்றிய தாளில் எழுத்துப் பதியும். உடனே தாளைத் தாங்கிய கேரேஜ் ஓர் எழுத்தளவு இடப்பக்கம் நகரும். பல்சக்கரம் ஒன்று அதை ஒவ்வொரு படியாக விடும். இப்படி நகர்வதால்தான் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் வரிசையாக நிற்கின்றன.

ஆங்கிலத்திற்கு இதுவே போதும். தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் எழுத்துக்குப் பக்கத்தில் அல்ல, எழுத்தோடு சேர்ந்தே இருக்கவேண்டும். புள்ளியை அடித்தவுடன் தாள் நகர்ந்துவிட்டால், எழுத்து அதன் கீழே எப்படி வந்து அமரும்?

இதற்கு முத்தையா பயன்படுத்திய வழிதான் நகரா விசை. அந்த விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும், ஆனால் கேரேஜ் நகராது. அதே இடத்தில் காத்திருக்கும். அடுத்து எழுத்தைத் தட்டினால், அது குறியோடு சேர்ந்து விழும். அதன் பிறகே தாள் நகரும். ஓடுவதற்கென்றே செய்த இயந்திரத்திற்கு ஒரு நொடி நிற்கக் கற்றுக்கொடுத்ததால் தமிழ் அதில் ஏறி உட்கார்ந்தது.

இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. நாம் கைபேசியில் க என்று தட்டிவிட்டுப் பிறகு புள்ளி வைக்கிறோம். தட்டச்சு இயந்திரத்தில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. கோயில் என்று அடிக்க வேண்டுமானால் இரட்டைக்கொம்பு, க, துணைக்கால், மேல்விலங்கு, ய, புள்ளி, ல என்று ஏழு தட்டு. வாய் ஒரு முறையில் சொல்ல, விரல் வேறு முறையில் செல்லவேண்டும். முதல் நாள் எங்களுக்குத் தலை சுற்றியது. மூன்றாம் நாள் விரல்கள் தாமே வழி கண்டுகொண்டன.

ஜெர்மனியில் உருவான தமிழ்

வரைபடம் ஆயத்தமானாலும் இரும்பில் வார்க்க ஆலை வேண்டுமே! அன்று சிங்கப்பூரில் அத்தகைய ஆலை இல்லை. முதல் உலகப் போர் முடிந்த பின்னர், ஜெர்மனி நாட்டின் திரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அண்ட் நவ்மன் என்னும் நிறுவனத்திடம் முத்தையா தம் அமைப்பை ஒப்படைத்தார். அந்த நிறுவனமும் தையல் இயந்திரம் செய்து புகழ் பெற்றதுதான்! மிதிவண்டியும் செய்தது. ஐடியல் என்னும் பெரிய தட்டச்சு இயந்திரத்தையும், எரிகா என்னும் சிறிய இயந்திரத்தையும் உலகெங்கும் விற்றது. எரிகாவுக்கே வெளிநாடுகளில் பிஜோ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அது அணிகலன் என்று பொருள்படும். கையில் எடுத்துச் செல்லத்தக்க பிஜோ இயந்திரத்திலும் முத்தையாவின் முயற்சியால் தமிழ் எழுத்துகள் ஏறின.

தமிழ் ஒரு சொல்லும் அறியாத தொழிலாளர்கள் அந்தக் குளிர் நாட்டில் அமர்ந்து ழகரத்தையும் றகரத்தையும் இரும்பில் செதுக்கிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிங்கப்பூரில் சிந்தித்தார், ஜெர்மனியில் உருவாக்குவித்தார். பயனடைந்தவர்களோ தமிழ் வழங்கும் நாடுகள் அனைத்திலும் உள்ளவர்கள். அந்தத் திரெஸ்டன் நகரம் இரண்டாம் உலகப் போரின்போது, 1945 பெப்ரவரியில், குண்டுமழையில் எரிந்து பெரும் அழிவுக்கு உள்ளானது. ஆனால் அங்கிருந்து புறப்பட்ட தமிழ் எழுத்துகள் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டன.

விதை மரமானது

சென்னை மாநிலத்தில் தமிழே ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்பின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சு இயந்திரம் இன்றியமையாத பொருளாயிற்று. இந்தியாவிலேயே இயந்திரம் செய்யும் தொழிலும் வளர்ந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் தன் முதல் தட்டச்சு இயந்திரத்தை வெளியிட்டது. கணிப்பொறி வந்த பின் தேவை குறைந்து 2009ஆம் ஆண்டில் அந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

ஊருக்கு ஊர் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. பள்ளியிறுதி முடித்த பெண்கள் காலையும் மாலையும் அங்கே சென்றனர். இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்னும் எழுத்துகளிலும், வலக்கை விரல்கள் த, ம, ட, புள்ளி ஆகியவற்றிலும் தங்க, பாடம் தொடங்கும். லோயர், ஹையர் என்று நம் தாய்மார்கள் சொல்லும் அரசுத் தேர்வுகளை எழுதித் தேறினால் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

நம் நரிக்குடியைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் சீமைக்கருவேலும் கரிமூட்டமும். மிளகாயும் பருத்தியும் விளைந்தால் விலை இராது, விலை இருந்தால் விளைச்சல் இராது. வானத்தைப் பார்த்து வாழும் இந்தச் சீமையில், வானத்தைப் பாராமல் மாதச் சம்பளம் தரக்கூடிய வேலை பெண்களுக்கு மிக அரிதாக இருந்தது. நரிக்குடியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் அருப்புக்கோட்டைக்குப் பேருந்திலும் இரயிலிலும் போய்த் தட்டச்சுப் பழகிய அக்காமார் எத்தனை பேர்! எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது, தன் அம்மா ஹையர் தேறியவர் என்று ஒருத்தி எழுந்தாள். தன் அத்தை தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து, தங்கைகள் இருவருக்குத் திருமணம் செய்து வைத்தவர் என்று மற்றொருத்தி எழுந்தாள். பிறகு கைகள் உயர்ந்தபடியே இருந்தன. முத்தையாவின் பெயரை அந்த அம்மாக்களுள் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அவர் திறந்த கதவு வழியாகத்தான் அவர்கள் நடந்திருக்கிறார்கள்.

எங்கள் இயந்திரம் பிழைத்த கதை

இனி எங்கள் 15 கிலோ நண்பருக்கு வருவோம். நகரா விசையைப் பற்றி அறிந்தபின் எங்கள் இயந்திரத்தின் நோய் இன்னதென்று விளங்கிவிட்டது. நகரக்கூடாத விசை நகர்ந்துகொண்டிருந்தது! அருப்புக்கோட்டையில் தட்டச்சு இயந்திரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை எங்கள் ஆசிரியை அழைத்து வந்தார். அவர் இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். புள்ளி விசையின் கம்பி சற்றே வளைந்து, தான் தொடக்கூடாத பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டதனால் கேரேஜ் நகர்ந்தது. சிறிய குறடு ஒன்றால் ஒரு மயிரிழை அளவு நிமிர்த்தினார். அவ்வளவுதான்.

நாங்கள் மீண்டும் அம்மா என்று அடித்தோம். புள்ளி மகரத்தின் தலைமேல் பொட்டு வைத்தாற்போல் அமர்ந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டனர்.

அவர் எங்களுக்குப் பராமரிப்பும் கற்றுத் தந்தார். தூசியை மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும். எழுத்துகளில் அடைத்த பழைய மையைப் பழந்துணியால் துடைக்க வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். மிகுதியானால் நம் ஊர்த் தூசி அதில் ஒட்டிக்கொண்டு களிமண்ணாகிவிடும். வேலை முடிந்ததும் மூடி வைக்க வேண்டும்.

அதில் எழுதுவது தனி இன்பம். வரி முடியும் தறுவாயில் டிங் என்று மணி அடிக்கும். கேரேஜைத் தள்ளினால் கரகரவென்று புது வரிக்கு வரும். கார்பன் தாள் வைத்தால் ஒரே அடியில் மூன்று படிகள் கிடைக்கும். முற்காலத்தில் தேர்வு வினாத்தாள்களை ஸ்டென்சிலில் அடித்துப் படியெடுத்ததைப் பணி ஓய்வு பெற்ற அருட்சகோதரி ஒருவர் விவரித்தபோது, எங்கள் அம்மாக்களைப் பயமுறுத்தியது இந்த இயந்திரம்தானா என்று அதைச் சற்று அச்சத்தோடு பார்த்தோம்! கைபேசியில் தவறு செய்தால் தடயமின்றி அழிக்கலாம். இங்கே அடித்தது அடித்ததுதான். ஆகவே சொல்லை மனத்தில் முழுதாக எழுதிப் பார்த்துவிட்டே விரலை வைக்கிறோம். இவ்வழக்கம் எங்கள் கட்டுரைத் தேர்விலும் உதவியதைத் தமிழம்மாவே கூறினார்.

முடிவுரை

தட்டச்சு இயந்திரங்கள் அலுவலகங்களிலிருந்து விடைபெற்றுவிட்டன. அதனால் முத்தையாவின் உழைப்பு முடிந்துபோயிற்று என்று கருதலாமா? 1997ஆம் ஆண்டில் இணையத்தில் தமிழை வளர்ப்பதற்கென அறிஞர்கள் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். அது கூடிய இடம் எது தெரியுமா? முத்தையா எழுத்தராக இருந்து ஆராய்ச்சி செய்த அதே சிங்கப்பூர்! ஈராண்டுக்குப் பின் 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்னும் புதிய விசைப்பலகை பிறந்தது. எனினும் இயந்திரத்தில் பழகியவர்கள் கைமறக்காமல் இருக்கப் பழைய தட்டச்சு முறையும் கணிப்பொறியில் இடம் பெற்றது. 247 எழுத்துகளைச் சில விசைகளில் அடக்குவது எப்படி என்னும் வினாவோடுதான் அவர்களும் தொடங்கினார்கள்.

பெரிய பட்டமோ பெரும் பதவியோ இல்லாத ஓர் எழுத்தர், பிழைக்கப் போன ஊரில், தம் தாய்மொழிக்கு ஒரு குறை இருப்பதைக் கண்டார். அதைக் குறையாகச் சொல்லித் திரியாமல், வேலையாக எடுத்துச் செய்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. முத்தையாவோ நகரவும் வைத்தார், நகராமல் நிற்கவும் வைத்தார். முன்னே ஓடுவது மட்டும் முன்னேற்றமாகாது, பின்னால் வருபவர் சேரும்வரை ஒரு நொடி காத்திருப்பதும் முன்னேற்றமே என்பதை எங்கள் புள்ளி விசை நாள்தோறும் எங்களுக்குக் கற்பிக்கிறது.

தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ இத்தகைய இயந்திரம் உறங்கிக் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு தாளைச் செருகி அம்மா என்று அடித்துப் பாருங்கள். பிறகு அம்மாவையே அருகில் அழைத்து உட்கார வையுங்கள். அவர்கள் விரல்கள் இன்னும் மறந்திரா.

எங்கள் இயந்திரம் இப்போது நூலகத்தின் கிழக்குச் சன்னலோரம் இருக்கிறது. தலைமையாசிரியை அருட்சகோதரி கேட்ட ஒரு பக்கத்தைக் குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்பே கொடுத்துவிட்டோம். அந்தப் பக்கம்தான் இக்கட்டுரையின் முதல் பக்கம். மற்றப் பக்கங்களையும் அதிலேயே தட்டி ஆண்டு மலர்க் குழுவிடம் ஒப்படைத்தோம். எழுத்துப் பிழை ஏதேனும் காண்பீர்களாயின் அது எங்கள் விரல்களின் குற்றமே அன்றி, முத்தையாவின் குற்றம் அன்று.

பத்தாம் வகுப்பு மாணவி,
நரிக்குடி